காலண்டர் தாளில் நாலு வரி

அத்தியாயம் 17

பதிவுத் தபால் வந்து ஒன்பது நாளாயிற்று. அம்சவல்லி அதை ஒரே ஒரு தடவைதான் படித்தாள். அவளுடைய அப்பா சுப்பிரமணி மூன்று தடவை படித்தார். தங்கை ஐஸ்வர்யா எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் படித்துவிட்டு மேசைமேல் வீசினாள்.

அருள்பாண்டி விவாகரத்து கேட்டிருந்தான். அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் கூட்டு மனு. கோர்ட் ஆறு மாதம் அவகாசம் வைக்கும், அதற்குப் பிறகு தை மாதம் கமுதியில் அவனுக்கு வேறு பெண்ணுடன் கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்பதை வக்கீல் போனில் சொன்னார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரகடத்தில் கார் உதிரிப் பாகக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன் அருள்பாண்டி. வடக்குப்பட்டில் பிறந்து வளர்ந்த அம்சவல்லி, பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். ஷேர் ஆட்டோவில் பழக்கம். சுப்பிரமணி முதலில் முறைத்தார், பிறகு விசாரித்தார், கடைசியில் கோயிலில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். படப்பையில் ஒரு ரூம் எடுத்துப் பதினான்கு மாதம் குடித்தனம் நடந்தது.

மூன்று மாதக் கரு கலைந்துபோன பதினோராம் நாள், ஷிஃப்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய அருள்பாண்டி திரும்பி வரவில்லை. அதன்பின் போனையும் எடுக்கவில்லை.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. அம்சவல்லிக்கும் தெரியாது. நாலு வருடமாக அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அன்று வியாழக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கே அம்சவல்லி குளித்துக் கண்ணாடி முன்னால் நின்றாள். தலையில் பூ வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"யாருக்குக்கா இந்தப் பூவு?"

பின்னால் ஐஸ்வர்யா நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தாள்.

"ஆடி மாசம். பூ வெச்சிகினு போனா இன்னா?"

"ஒண்ணுமில்ல. எனக்கு வேல கெடச்ச அன்னிக்கி வெச்ச. அதுக்கப்புறம் இன்னிக்கித்தான் பாக்கறேன்."

அம்சவல்லி பூவை எடுத்துச் சாமி படத்தின் மேல் போட்டாள். ஐஸ்வர்யாவுக்கு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

சுப்பிரமணி செக்யூரிட்டி டூட்டி முடிந்து சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். யூனிஃபார்ம் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கையெழுத்தப் போட்டமா வந்தமான்னு இருக்கணும். அவங்கிட்ட ஒரு வார்த்த பேசாத."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்பா."

"இன்னாத்த கேப்ப? நாலு வருசமா போன் எடுக்காதவங்கிட்ட இன்னா பேச்சு?" அவர் குரல் உயரவில்லை. "அவன் நல்லவன்னு ஊர்ல நாலு பேருகிட்ட சொன்னது நானு. உன்ன ஒண்ணும் சொல்லலம்மா. எம் புத்திய சொல்றேன்."

அம்சவல்லி அவருக்குக் காபியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"பன்னெண்டு மணிக்குத்தான? இப்ப எங்க போற?" என்றாள் ஐஸ்வர்யா.

"கடைக்கி. வூட்ல குந்திகினு இருந்தா எனக்குப் பன்னெண்டு மணி வராது."

கடை படப்பையில் இருந்தது. நரசிம்மன் நடத்தும் ஃபிளெக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை, வீட்டுமனை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி, கோயில் விழா என்று எல்லாவற்றுக்கும் அங்கே தமிழ் டைப் செய்கிறவள் அம்சவல்லிதான்.

கம்பெனியில் பேக்கிங் பிரிவை மூடியபோது வேலை போய், டைப்பிங் கற்றுக்கொண்டு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. எட்டாவதோடு நின்ற படிப்பு. வந்த முதல் மாதமே கறிக்கடைக்காரர் வீட்டுப் பேனரில் 'காதணி விழா' என்பதைக் 'காதணி விலா' என்று அடித்துவிட்டாள். அவர் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்து, "விலாவ நான் கடையில தொங்க விடறேம்மா. எம் பொண்ணு விசேஷத்துல எதுக்குத் தொங்க விடற?" என்று கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்சவல்லிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். தப்பாக அடித்த சொல்லையெல்லாம் ஜோடி ஜோடியாக எழுதி, பக்கத்தில் அர்த்தத்தையும் எழுதி வைத்தாள். மனம், மணம். அரை, அறை. தால், தாள், தாழ். வெட்கத்தில் ஆரம்பித்ததுதான். போகப் போக அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவுக்கான பேனர். கோயில்காரர்கள் தாளில் 'கூல் வார்த்தல்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்சவல்லியின் விரல்கள் தாமாகவே 'கூழ்' என்று அடித்தன.

நரசிம்மன் எட்டிப் பார்த்தார். "எழுதிக் குடுத்தவரு ஐஸ் போட்டுக் குடிக்கச் சொல்றாரு போல," என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"சாயந்தரம் வர முடியலன்னா பரவால்லம்மா. நான் பாத்துக்கறேன்."

"வந்துடுவேண்ணா. வராம எங்க போகப் போறேன்?"

வக்கீல் தாவீதின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அக்காவும் தங்கையும் படியேறியபோதே அவன் அங்கே இருந்தான்.

கொஞ்சம் உடம்பு போட்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. மற்றபடி அதே அருள்பாண்டி. நாள் முழுக்க லைனில் நிற்கிறவனுக்கே உரிய மாதிரி ஒரு காலை மட்டும் ஊன்றி, மறு காலைத் தளர விட்டு நின்றிருந்தான். அந்த நிலையை அம்சவல்லி கூட்டத்தில் எத்தனை பேருக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவாள். நாலு வருடத்தில் ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் அந்த மாதிரி நின்ற யார் யாரையோ திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

"வந்துட்டியா?" என்றான்.

"ம்."

"ஐசு, நல்லாருக்கியா?"

"நான் கீழ டீக்கடையில இருக்கேங்கா. முடிஞ்சதும் கூப்புடு," என்று ஐஸ்வர்யா இறங்கிப் போய்விட்டாள்.

தாவீது இருவரையும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். மனுவை நடுவில் வைத்தார். அதற்குள் கோர்ட்டிலிருந்து அவருக்குப் போன் வந்தது. "ஒரு வாய்தா இருக்கு. அரை மணி நேரத்துல வந்துடறேன். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டு வைங்க. அவசரம் ஒண்ணுமில்ல," என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

அம்சவல்லி மனுவை வரி வரியாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

"இதுல தப்பா அடிச்சிருக்காங்க. 'மணமொத்துப் பிரிய'ன்னு இருக்குது. மூணு சுழி 'ண' போட்டா அது கல்யாணம். 'மனமொத்து'ன்னு வரணும்."

அருள்பாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ எப்ப இதெல்லாம் படிச்ச?"

"ஃபிளெக்ஸ் கடையில வேல செய்யறேன். இதுதான் வேலையே."

பேனாவை எடுத்து அந்த எழுத்தைத் திருத்தினாள். பிறகு காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். நான்கு இடம். பேனாவை மூடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் போட்டாச்சி. இனிமே நான் கேக்கறதுக்குப் பதில் சொன்னா, கையெழுத்து போடாம போய்டுவாளோன்னு நீங்க பயப்பட வேணாம். எதுக்குப் போனீங்க?"

அவன் பேனாவைத் தொடவில்லை.

"தெரியாத மாதிரிக் கேக்குற."

"தெரியாது."

"வேணாம் அம்சா. நல்லபடியா முடிஞ்சு போகட்டும். அதையெல்லாம் எதுக்கு இப்ப கெளறணும்?"

"எங்கப்பா ஊர்ல தல நிமிந்து நடக்கறதில்ல. எந் தங்கச்சிக்கு மாப்ள பாத்தா, அக்கா வூட்டுக்காரன் ஏன் வுட்டுட்டுப் போனான்னுதான் மொதல்ல கேக்கறாங்க. இன்னான்னு சொல்றது? எனக்கே தெரியலன்னா யாருமே நம்பறதில்ல. நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அருள்பாண்டி சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தான். டிரைவிங் லைசென்சுக்குப் பின்னால் இருந்து மடித்த தாள் ஒன்றை உருவி மேசைமேல் வைத்தான்.

"இது ஓங் கையெழுத்துத்தான?"

தேதி கிழிக்கும் காலண்டரின் தாள். நாலு வருடத்துக்கு முந்தைய புரட்டாசி. மடித்த இடம் வெள்ளையாக இற்றிருந்தது. பின்பக்கம் நீல மையில் நாலு வரி.

*ஐசு,*
*நான் கலைத்து விட்டேன். இனிமேல் என்னால் முடியாது.*
*மாமாவிடம் சொல்லாதே.*
*நீ வந்ததும் பேசலாம்.*

அம்சவல்லி படித்தாள். அவள் எழுதியதுதான். எழுதிய காலை நேரம்கூட ஞாபகம் வந்தது. காலாண்டு விடுமுறைக்குத் தங்கை வந்து தங்குவதாக இருந்தது. பிளஸ் டூ படித்த ஐஸ்வர்யாவுக்கு அப்போது போன் கிடையாது. அவன் நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் அம்சவல்லிக்கு முதல் ஷிஃப்ட் பஸ் வந்துவிடும். சமையல் மேடையில் அரிசி டப்பா அடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்று அப்பாவுக்குக் காய்ச்சல், ஐஸ்வர்யா வரவில்லை. சீட்டு எங்கே போயிற்று என்று அப்புறம் யாரும் தேடவில்லை.

இதில் என்ன இருக்கிறது? ஏன் இதைப் போய் நாலு வருடம் சுமந்துகொண்டிருந்தான்?

மறுபடி படித்தாள். இந்தத் தடவை படித்தது கடையில் உட்கார்ந்து பழகிய கண்.

இரண்டாம் வரியிலேயே அது நின்றுவிட்டது.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம்பாட்டுக்கு ஷிஃப்ட் முடிச்சு வந்து சோத்துக்கு அரிசி எடுத்தேன். இது கெடந்துச்சு," என்றான் அருள்பாண்டி. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீயே சொல்லுவன்னு ரெண்டு நாள் பாத்தேன். நீ வேலைக்குப் போற, வர்ற, படுத்துக்கிற. மூணாம் நாளு ஆஸ்பத்திரியில இருந்து போன் வருது. எடுத்தா, போயிருச்சுங்கன்னு அழுகுற. போகலயே, நீதான போக்கிட்டன்னு நெனச்சேன். மாத்திர போட்டது ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டுருச்சுன்னு நெனச்சேன்."

"ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். வீட்டுக்கு வந்த பெறகு, ஏன் இப்பிடிப் பண்ணுனன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன? வேற இன்னா பண்றது, பர்மனென்ட் ஆவணும்லன்னு சொன்ன. இதே வாயால."

அம்சவல்லிக்கு அந்தக் கேள்வியும் ஞாபகம் இருந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் ஓ.டி. பார்த்தாய் என்று கேட்கிறான் என்றுதான் அன்று நினைத்தாள். வேலையை விட்டுவிடு என்று அவன் அதற்கு முன்பே பத்துத் தடவை சொல்லியிருந்தான். அதனால்தான் சீட்டில் மாமாவிடம் சொல்லாதே என்று எழுதினாள். தெரிந்தால் அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிடுவான்.

வாயைத் திறந்தாள். சொன்னால் நம்புவானா? நாலு வருடம் கழித்து, மூன்று நோட்டு எழுதிப் பழகிய பிறகு, இப்போது புதிதாக ஒரு அர்த்தம் சொல்கிறாள் என்று நினைக்க மாட்டானா?

"இது ஐசுவுக்கு எழுதினது," என்றாள். "அவ இன்னும் படிக்கல. அவளக் கூப்புட்டு குடுங்க. அவ படிக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எதுக்கு?"

"கூப்புடுங்க."

அருள்பாண்டி மாடிக் கைப்பிடியருகே போய்க் குரல் கொடுத்தான். ஐஸ்வர்யா டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். சண்டை என்று நினைத்திருப்பாள் போல, வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"இன்னா, முடிஞ்சிதா?"

அவன் தாளை அவளிடம் நீட்டினான். "உங்கக்கா ஒனக்கு எழுதுனது. சத்தமாப் படி."

ஐஸ்வர்யா அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐஸ்வர்யா தாளைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்தாள்.

"ஐசு, நான் களைத்து விட்டேன். இனிமேல் என்னால் முடியாது. மாமாவிடம் சொல்லாதே. நீ வந்ததும் பேசலாம்."

வாசித்து முடித்துத் தாளைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "இது அந்த வாரம்ல? அக்கா, அவ்ளோ முடியலயா ஒனக்கு? நான் அன்னிக்கி வந்திருக்கணும்."

"இரு," என்றான் அருள்பாண்டி. "என்ன படிச்ச? ரெண்டாவது வரி. திரும்பப் படி."

"நான் களைத்து விட்டேன்."

"அங்க அப்பிடியா எழுதிருக்கு? எழுத்தப் பாத்துப் படி."

ஐஸ்வர்யா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இவ 'லை' போட்டிருக்கா. அது அப்டித்தான் மாமா. ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து எங்கக்காவுக்கு எல்லாமே அந்த ஒரே 'ல'தான். பல்லிக்கூடம், வெல்லிக்கெழமன்னு எழுதுவா. அவ எழுத்த நான் மாத்தித்தான் படிப்பேன். வேற எப்டிப் படிக்கறது?"

சொல்லிவிட்டு அவளே அந்த வரியை மனதுக்குள் எழுதியிருந்தபடி படித்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயோ," என்றாள் மெதுவாக. "இதுக்கா?"

அருள்பாண்டி அவள் கையிலிருந்து தாளை வாங்கினான்.

"எட்டு மணி நேரம் நின்னுகினே பேக்கிங்," என்றாள் அம்சவல்லி. ஜன்னலைப் பார்த்தே பேசினாள். "அதுக்கு மேல நாலு மணி நேரம் ஓ.டி. கால் ரெண்டும் வீங்கிப் போச்சி. லைன்ல மயக்கமா வந்துது. இன்னும் ரெண்டு மாசத்துல பர்மனென்ட் பண்றேன்னு சூப்பர்வைசர் சொல்லிகினு இருந்தாரு. அதுக்காகத் தம் புடிச்சிகினு போனேன். அன்னிக்கிக் காலைல எழுந்திருக்கவே முடியல. ரொம்பக் களைச்சிப் போயிட்டேன். ஐசு வந்தா சமையலயாவது பாத்துக்குவா, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வருவா, அவகிட்ட சொல்லி அழுவலாம்னு எழுதி வெச்சேன். அவ்ளோதான்."

அருள்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்தான். தாளை மேசைமேல் விரித்து வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினான்.

"அப்ப பிள்ள," என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

"தானாத்தான் போச்சி. கம்பெனி பாத்ரூம்ல."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நாலு வருடமாக அவனிடம் இருந்தது கோபம் மட்டும்தான். தன் பிள்ளையைத் தன்னைக் கேட்காமல் அழித்துவிட்டாள் என்ற கோபம் துக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியிலும் அவன் அழவில்லை. ஊருக்குப் போன பிறகும் அழவில்லை. இப்போது அந்தச் சின்ன அறையில், பைல் கட்டுகளுக்கு நடுவே, தோள்கள் குலுங்க அழுதான். அம்சவல்லிக்கு எழுந்து போய் அவன் தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. கையெழுத்துப் போட்ட தாள்கள் நடுவில் கிடந்தன. உட்கார்ந்தே இருந்தாள்.

ஐஸ்வர்யா முந்தானையைக் கடித்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான். "இப்ப எத்தன வயசிருக்கும்?"

"மூணு முடிஞ்சி நாலு மாசம். இந்த ஜூன்ல எல்.கே.ஜி. போட்டிருக்கலாம்."

அவள் யோசிக்காமல் சொன்னாள். ஒவ்வொரு மாதமும் அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

தாவீது திரும்பி வந்தார். இரண்டு முகங்களையும் பார்த்தார். மனுவைப் புரட்டினார். அம்சவல்லியின் கையெழுத்துகள் மட்டும் இருந்தன.

"நீங்க போடலயா?"

"ஒரு நாள் டைம் குடுங்க சார்," என்றான் அருள்பாண்டி.

"திங்கக்கிழமை ஃபைல் பண்ணணும்னு நீங்கதான் கேட்டீங்க."

"தெரியும் சார்."

அம்சவல்லி எழுந்தாள். "நான் போட்டத நான் மாத்தல சார். அங்க ஒரு பொண்ணுக்குப் பேசி வெச்சிருக்காங்க. அவ ஒரு தப்பும் பண்ணல. நான் அவருகிட்ட தெரிஞ்சிக்க வேண்டியது தெரிஞ்சிகினேன்." அருள்பாண்டியைப் பார்த்துச் சொன்னாள். "நான் அழிக்கலன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

அது பொய். கேட்க அவளுக்கு எவ்வளவோ இருந்தது.

படியிறங்கி ரோட்டுக்கு வந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஷேர் ஆட்டோவுக்காக அக்காவும் தங்கையும் நிற்க, அவனும் பின்னால் வந்து நின்றான்.

"அம்சா, அந்த ஆஸ்பத்திரி இன்னும் இருக்கா?"

"இருக்குது. எங்க கடைக்கி நாலு கட தள்ளி."

"எனக்கு அதப் பாக்கணும்."

ஐஸ்வர்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினாள். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். ஐஸ்வர்யா நடுவில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி ஒரகடம் வழியாகப் படப்பைக்குப் போயிற்று. ஆட்டோ திரும்பும் இடங்களில் எல்லாம் அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் போனபோது காலி மனைகளாக இருந்த இடத்தில் மூன்று மாடி ஹாஸ்டல்கள் எழும்பியிருந்தன.

ஆஸ்பத்திரி அப்படியேதான் இருந்தது. சுவருக்குப் புதிதாகப் பச்சை வர்ணம் பூசியிருந்தார்கள். அருள்பாண்டி எதிர்ப்பக்கம் ரோட்டோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"எந்த ரூம்ல இருந்த?"

"மேல. ரெண்டாவது ஜன்னலு."

"நான் கீழதான் உக்காந்திருந்தேன். மருந்துக் கடைக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு. ராத்திரி பூராவும் அதுலதான் இருந்தேன். மேல வரல."

"தெரியும். நர்ஸு சொன்னாங்க. உங்க வூட்டுக்காரரு கீழதான் இருக்காருன்னு."

"அன்னைக்கு மேல ஏறி வந்திருக்கணும். வந்து ஓம் மொகத்தப் பாத்திருந்தேன்னா தெரிஞ்சிருக்கும்."

ரோட்டில் பள்ளி வேன் ஒன்று போனது. அது போகும்வரை காத்திருந்து அம்சவல்லி சொன்னாள்.

"படியில செருப்பு சத்தம் கேக்கும்போதெல்லாம் நீங்கன்னு நெனச்சிகினு கதவையே பாத்துகினு இருந்தேன். உங்க செருப்பு சத்தம் எனக்குத் தெரியும். அது இல்லன்னு தெரிஞ்சும் பாத்தேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். திரையில் 'அம்மா' என்று இருந்தது. கமுதியிலிருந்து சொர்ணம்மாள். பெண் வீட்டார் வந்து காத்திருப்பார்கள், கையெழுத்து ஆனதும் கூப்பிடச் சொல்லியிருந்தாள்.

போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்க," என்றாள் அம்சவல்லி. "பெத்தவங்க. பயந்துகினு இருப்பாங்க."

அவன் எடுத்துக் காதில் வைத்தான். சொர்ணம்மாளின் குரல் பக்கத்தில் நின்ற அக்கா தங்கைக்கும் கேட்டது. ஆயிருச்சாய்யா, எத்தன மணி ரயிலு என்று அவள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவள் நிறுத்தும்வரை பொறுத்தான்.

"அம்மா," என்றான். "நான் கையெழுத்துப் போடல. இன்னைக்கு ஊருக்கும் வரல. அவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லு. நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேம்மா. இவங்க அப்பாகிட்டப் போய் அதச் சொல்லணும்."

ஐஸ்வர்யா அக்காவின் கையைப் பிடித்தாள். வடக்குப்பட்டில் அப்பா இந்நேரம் தூங்கி எழுந்து, கையெழுத்து முடிந்து மகள்கள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.